பெருச்சாளிக்கு இசையமைத்தவள்

ஆட்டம் தொடங்கிய பன்னிரண்டாவது நிமிடத்தில் ஓவியக்காரியின் இடது கை விசைப்பலகையின் ஓரத்துக்குப் போய் ஒலியைக் குறைத்தது. இரண்டு நிமிடம் கழித்து அதே கை மறுபடியும் போய் ஒலியை அடியோடு அணைத்தது. கண் திரையை விட்டு அகலவில்லை. தான் அணைத்தது அவளுக்கே தெரியாது. பின்னால் நின்றிருந்தவளுக்குத் தெரிந்தது.

பின்னால் நின்றிருந்தவள்தான் அந்த இசையைச் செய்தவள். மருத்துவமனையில் அவளைக் 'காது மேடம்' என்பார்கள். காது கேட்கிறதா, எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலி புகாத சின்ன அறையில் நோயாளி ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கம் இவள் மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் அவர் பொத்தானை அமுக்க வேண்டும். பதினோரு வருடமாக இதே வேலை. பள்ளிக்கூடத்தில் நான்கு வருடம் கீபோர்டு கற்றுக்கொண்டதைத் தவிர, இசைக்கும் அவளுக்கும் வேறு ஒட்டுறவு இல்லை.

அவளுடைய கொழுந்தனும் அந்த ஓவியக்காரியும் சேர்ந்து இரண்டு வருடமாக ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்கள். சாவி வெட்டும் கடைக்கு மேலே ஒரு ஒற்றை அறை, இரண்டு மேசை, எப்போதும் சூடாக இருக்கும் இரண்டு கணினி. கொழுந்தன் நிரல் எழுதுவான், ஓவியக்காரி படம் வரைவாள். ஆட்டத்தின் நாயகன் ஒரு பெருச்சாளி. வெள்ளத்தில் வளை இழந்துவிட்ட பெருச்சாளி, ஒரு நகரத்துக்கு அடியில் தோண்டிக்கொண்டே போகும். மனிதர்கள் தொலைத்த பொருள்களைக் கண்டெடுக்கும். கடைசியில் மேலேயிருந்து இறங்கும் ராட்சதத் துளைப்பு எந்திரத்தோடு மோதும். இசை போட ஒப்புக்கொண்டிருந்த நண்பன் வேறு ஊரில் வேலை கிடைத்து, இரண்டு வரிச் செய்தி அனுப்பிவிட்டுக் கழன்றுகொண்டான். புது வீடியோ கேம்களுக்கான கண்காட்சிக்கு ஆறு வாரம்தான் இருந்தது. கொழுந்தன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "நான் வேணா செஞ்சு பாக்கட்டுமா?" என்று வாய்தவறிக் கேட்டவள் இவள்தான். கேட்ட பிறகுதான் எவ்வளவு ஆசையோடு கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு, அண்ணி" என்றான் கொழுந்தன்.

"நல்லா இருந்தா ஏன் அணைச்சா?"

அப்போதுதான் ஓவியக்காரி திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. "ஐயோ அக்கா, நானா? சத்தியமா எனக்கே தெரியலக்கா."

"தெரியாம செஞ்சதாலதான் கேக்கறேன். பொய் சொல்ல உனக்கு நேரமே இல்லையே."

அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனாள். அந்த ஒரு நிமிட இசைக்காக மூன்று நாள் மெனக்கெட்டிருந்தாள். புல்லாங்குழல், வயலின், மணி, மத்தளம் என்று மென்பொருளில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துக் கட்டி, கேட்கக் கேட்கக் கண்ணில் நீர் வரும்படி ஒரு மெட்டு. கேட்டால் கண்ணில் நீர் வரத்தான் செய்தது. பன்னிரண்டு முறை கேட்டால் எரிச்சலும் வந்தது.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். இசையைப் பற்றி ஒன்றும் தெரியாதென்று சொல்லிவிட்டு எல்லாவற்றைப் பற்றியும் கருத்துச் சொல்லும் ரகம். ஹெட்போனை மாட்டி ஒருமுறை முழுதாகக் கேட்டான்.

"சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"ஏறுது, இறங்குது. நல்லாவே ஏறுது, இறங்குது. ஆனா எந்த மாடியிலயும் நிக்க மாட்டேங்குதும்மா. கதவு தொறந்தாத்தானே ஆள் உள்ள வர முடியும்?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாப்பாடு பரிமாறுகிற வரைக்கும் அவனோடு பேசவில்லை. பரிமாறும்போது அவன் சொன்னது சரிதான் என்று பட்டது. அதற்கும் சேர்த்துக் கோபித்துக்கொண்டாள்.

மறுநாள் மதிய இடைவேளையில், புதிதாக ஆட்ட இசை செய்கிறவர்களுக்கு யார் என்ன சொல்கிறார்கள் என்று இணையத்தில் தேடினாள். சொல்லாதவர்களே இல்லை. முதலில் ஸ்வரமும் ஸ்வரச் சேர்க்கையும் முழுதாகப் படி என்றார் ஒருவர். எதையும் படிக்காதே, படித்தால் கெட்டுப்போவாய் என்றார் இன்னொருவர். இந்த மென்பொருள் இல்லாமல் ஆகாது என்று ஒருவர் சொல்ல, அதை வைத்திருக்கிறவன் முட்டாள் என்று அடுத்தவர் சொன்னார். தலைகால் புரியவில்லை. கடைசியில் ஓர் இணைய மன்றத்தில் தன் இசையையே போட்டு, என்ன தப்பு என்று கேட்டாள். 'உடைஞ்ச பட்டன்' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த யாரோ மூன்று வரியில் பதில் எழுதியிருந்தார்: "நீங்க சினிமாப் பாட்டு போடுறீங்க. இங்க ஹீரோ நீங்க இல்ல, விளையாடுறவன். அந்த ஆட்டத்தை ஒரு தடவையாவது விளையாடினீங்களா?"

விளையாடவில்லை. படங்களைப் பார்த்தாள், கதையைக் கேட்டாள், மெட்டுக் கட்டினாள். விளையாடவில்லை.

அன்று மாலையே கொழுந்தனிடமிருந்து ஆட்டத்தை வாங்கித் தன் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டாள். மருத்துவமனை ஒன்பது மணிக்கு. காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரைக்கும் தன்னுடைய நேரம் என்று வீட்டில் அறிவித்தாள். அதற்குள் யாருக்காவது காபியோ காணாமல்போன காலுறையோ வேண்டுமென்றால் அவரவர் பாடு. முதல் நாள் பெருச்சாளி முப்பத்தெட்டு முறை செத்தது. இரண்டாம் நாள் இருபத்தொன்று. மூன்றாம் நாள், மூன்றாவது கட்டத்தில் ஒரு குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பதினேழு நிமிடம் வெளியே வர வழி தெரியாமல் தவித்தாள். அந்தப் பதினேழு நிமிடமும் அவளுடைய சொந்த மெட்டு அவள் காதிலேயே பதினேழு முறை ஓடியது. ஒன்பதாவது முறையில் அவள் கையும் ஒலியைக் குறைக்கப் போயிற்று.

கையைப் பாதியில் நிறுத்தி அதையே பார்த்தாள். பிறகு அந்தக் கோப்பை எடுத்து 'பழையது' என்று பெயர் மாற்றி ஒதுக்கிவைத்தாள். அழவில்லை. ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அடுத்த பத்து நாள் அவள் புதிதாக எதையும் கட்டவில்லை. பள்ளிக்கூடக் கீபோர்டுப் புத்தகத்திலிருந்து எட்டு வரிப் பயிற்சி மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள். அதையே மூன்று வாத்தியத்துக்குப் பிரித்தாள். மெட்டை ஒன்றுக்கு, அடியில் நடக்கிற நடையை இன்னொன்றுக்கு, இரண்டுக்கும் இடையே நிரப்புவதை மூன்றாவதற்கு. மறுநாள் அதே மெட்டு, இரண்டே வாத்தியம். அதற்கு மறுநாள் அதே மெட்டைப் பயமாக. பிறகு தூக்கக் கலக்கமாக. "அந்தப் பாட்டு எப்பம்மா முடியும்?" என்று கணவன் கேட்டான். "எனக்குப் புரியறப்ப" என்றாள். மற்ற ஆட்டங்களின் இசையையும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். எத்தனை நொடியில் திரும்ப வருகிறது, மெட்டு எப்போது வாயை மூடிக்கொள்கிறது என்று எழுதிக்கொண்டாள். நல்லவற்றில் மெட்டு பாதி நேரம் வாயை மூடிக்கொண்டே இருந்தது.

அவளுக்குப் பெரிய வெளிச்சம் கிடைத்தது வேலை செய்யும் இடத்தில்தான். காதுச் சோதனையில் ஒரே ஒலியை நீட்டி முழக்கி அனுப்பினால், மெல்லிய ஒலியென்றால் கொஞ்ச நேரத்தில் கேட்கிறதா, நின்றுவிட்டதா என்று நோயாளிக்கே சந்தேகம் வந்துவிடும். அதனால் விட்டு விட்டு அனுப்புவாள். காது இடைவெளியைத்தான் கவனிக்கும். இதைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எத்தனை முறை சொல்லிக்கொடுத்திருக்கிறாள்! அன்று ஒரு நோயாளிக்கு விட்டு விட்டு அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தான்தான் ஏதோ தப்பாக அமுக்கிவிட்டோம் என்று பொத்தானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இடைவேளையில் சோதனைப் படிவம் ஒன்றை எடுத்தாள். ஆடியோகிராம் என்பார்கள், கட்டம் போட்ட தாள். இடப்பக்கம் அடிக்குரல் ஒலிகள், வலப்பக்கம் போகப் போகக் கீச்சொலிகள். நோயாளியின் பெயர் எழுதும் இடத்தில் 'பெருச்சாளி' என்று எழுதினாள். ஆட்டத்தில் வரும் சத்தங்களை ஒவ்வொன்றாக அளந்து குறித்தாள். மண் தோண்டும் சத்தம் இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி. பொருள் கிடைத்தால் வரும் 'டிங்' வலப்பக்கம். ஆபத்து வந்தால் பெருச்சாளி போடும் கீச் அதற்கும் வலப்பக்கம். அவளுடைய அருமைப் புல்லாங்குழல் எங்கே இருந்தது? 'டிங்'கின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பொருள் கிடைத்ததே விளையாடுகிறவனுக்குக் கேட்கவில்லை.

காலியாக இருந்தது இரண்டு இடம். நடுவில் ஒரு பட்டை, இடப்பக்க ஓரத்தில் அடிக்குரலில் ஒன்று. நடுவில் மரக்கட்டையைத் தட்டும் வாத்தியத்தை வைத்தாள். அடியில் நிதானமான ஒரு நடை. அவ்வளவுதான். மற்றதெல்லாம் வெளியே.

மூன்றாவது வாரக் கடைசியில் ஒற்றை அறைக்குப் போனபோது அவள் கையில் ஒரு பாட்டுக்குப் பதில் நான்கு துண்டு இருந்தது. "எல்லாம் ஒரே வேகம், ஒரே சுருதி. எப்ப வேணா சேர்க்கலாம், எப்ப வேணா எடுக்கலாம்" என்றாள். "சும்மா தோண்டறப்ப முதல் துண்டு மட்டும். ஏதாவது கிடைச்சா ரெண்டாவதும் சேரணும். ஆபத்துன்னா மூணாவது. ஒரே எடத்துல ரொம்ப நேரம் மாட்டிக்கிட்டா எல்லாம் நின்னுட்டு நாலாவது மட்டும். நாலாவதுல பாதி நேரம் ஒண்ணுமே இருக்காது. முடியுமா உன்னால?"

"பத்து வரி நிரல், அண்ணி" என்றான் கொழுந்தன். பிறகு கொஞ்சம் தயங்கி, "சரி, நூறு வரி" என்றான்.

ஒரே ஒரு கோளாறு மட்டும் தீரவில்லை. இசை முடிந்து திரும்ப ஆரம்பிக்கும் இடத்தில் 'டக்' என்று ஒரு வெட்டு. லிஃப்ட்டில் எந்தச் சத்தம் சரியில்லை என்று வாசலிலேயே சொல்லிவிடுகிற கணவன்தான் அதைப் பிடித்தான். இரண்டு காலை நேரம் அதற்கே போயிற்று. கடைசித் தட்டலின் அதிர்வு அடங்குவதற்குள் கோப்பு முடிந்துவிடுகிறது. வால் கதவிடுக்கில் மாட்டுகிறது. அந்த வாலை வெட்டி எடுத்து ஆரம்பத்தின் மேல் ஒட்டினாள். முடிவு எது, ஆரம்பம் எது என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. அன்று காலை மருத்துவமனைக்குப் போகிற வழியெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னால் யாருக்குப் புரியும்?

கண்காட்சிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது கொழுந்தன் வீட்டுக்கு வந்தான். வந்தவன் செருப்பைக் கழற்றவே இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டான். உட்கார்ந்தான், எழுந்தான், மென்று விழுங்கினான்.

"சொல்லித் தொலை" என்றாள்.

"ரெடிமேடா ஒரு இசைத் தொகுப்பு கிடைச்சது, அண்ணி. பெரிய பெரிய ஆளுங்க செஞ்சது. அப்படியே போட்டுக்கலாம். ரெண்டு வருஷ உழைப்பு. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. எனக்குப் பயமா இருக்கு."

அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் இருந்தது பயம்தான், வேறு எதுவும் இல்லை. அந்தப் பயத்தைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

"அதையும் போடு, என்னோடதையும் போடு. ரெண்டு தனித்தனி ஆட்டமா செஞ்சு வை. வர்ற சனிக்கிழமை பத்துப் பேரைக் கூட்டிட்டு வா. உனக்குத் தெரிஞ்சவங்க வேண்டாம், எனக்குத் தெரிஞ்சவங்களும் வேண்டாம். யார் இசைன்னு யாருக்கும் சொல்லக் கூடாது. இசையைப் பத்தி ஒரு கேள்வியும் கேக்கக் கூடாது."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

"கையைப் பாரு. ஒலியைக் குறைக்கப் போகுதா இல்லையான்னு கையை மட்டும் பாரு."

சனிக்கிழமை காலை ஒன்பது பேர் வந்தார்கள். பத்தாவது ஆள் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார். சாவிக் கடைக்காரரே மேலே வந்து, "நானும் ஒரு ஆட்டம் ஆடறேனே" என்று உட்கார்ந்துகொண்டார். தெரிந்த முகம்தான், ஆனால் அந்த நேரத்தில் வேறு ஆள் கிடைக்கவில்லை. ஐந்து பேருக்கு ஒன்று, ஐந்து பேருக்கு இன்னொன்று. அவள் மூலையில் ஒரு ஸ்டூலில், மடியில் தாளோடு. வாயைத் திறக்கவில்லை. காதுச் சோதனையில் கற்ற பழக்கம். பொத்தானை அமுக்கு என்று கண்ணால்கூடச் சொல்லக் கூடாது.

ரெடிமேட் இசை அற்புதமாகத்தான் இருந்தது. முதல் ஐந்து நிமிடம் அதைக் கேட்டு அவளுக்கே பொறாமையாக இருந்தது. பதினைந்தாவது நிமிடத்துக்குள் ஐந்தில் நான்கு பேரின் கை ஒலிக்குப் போய்விட்டது. அவளுடையதில் ஒருவர் குறைத்தார். மற்ற நால்வரும் தொடவில்லை. சாவிக் கடைக்காரர் அந்தக் குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் இருபத்திரண்டு நிமிடம் மாட்டிக்கொண்டார். பெருச்சாளியைக் கெட்ட வார்த்தையில் திட்டினார், நகரத்தைத் திட்டினார், இசையைத் திட்டவில்லை. இசை இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

ஆனால் கடைசிக் கட்டம் வரைக்கும் போன ஒரே ஆள், பள்ளி ஆசிரியை ஒருவர், துளைப்பு எந்திரம் இறங்கியதும் பக்கென்று சிரித்துவிட்டார். "மன்னிச்சுக்கங்க, பயப்படணும்னு தெரியுது. ஆனா கல்யாண ஊர்வலம் வர்ற மாதிரி இருக்கு."

ஸ்டூலில் இருந்தவளுக்குக் காது மடல் சுட்டது. அந்தக் கட்டத்துக்கு மட்டும் பழைய ஆசை தலைகாட்டி, கிடைத்ததையெல்லாம் ஒரே நேரத்தில் முழங்க விட்டிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு கொழுந்தன் தரையைப் பார்த்துச் சொன்னான்: "உங்களுதையே போடறோம், அண்ணி. நான்தான் அவசரப்பட்டுட்டேன். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் ரெடிமேட் இருக்கட்டுமே?"

"நாலு நாள் குடு."

"நேரம் இல்ல அண்ணி..."

"நாலு நாள். அஞ்சாவது நாள் நீ எதைப் போட்டாலும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

கொழுந்தன் தலையசைத்தான். அண்ணி பேச மாட்டேன் என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை.

அவள் ஓவியக்காரியின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்த எந்திரம் ஒரு சுத்து சுத்த எத்தனை படம் வரைஞ்சிருக்க?"

"பன்னெண்டுக்கா."

"நொடிக்கு எத்தனை படம் ஓடுது?"

"இருபத்தி நாலு."

"அப்ப அரை நொடிக்கு ஒரு சுத்து. நிமிஷத்துக்கு நூத்தி இருபது." எழுதிக்கொண்டாள். "எந்திரம் இறங்கறதுக்கு முன்னாடி என்ன ஆகும்?"

"மண் லேசா உதிரும். ஒரு மூணு நொடி. அதை நான் எவ்வளவு கஷ்டப்பட்டு வரைஞ்சேன் தெரியுமாக்கா? யாருமே பாக்கறதில்ல."

"நான் பாக்க வைக்கறேன்."

நான்கு காலைகள். முதல் இரண்டில் செய்தது எதுவும் தேறவில்லை. மூன்றாவது காலை எல்லா வாத்தியத்தையும் நீக்கிவிட்டு, எந்திரத்தின் உறுமலையே தாளமாக வைத்தாள். ஒரு சுற்றுக்கு ஓர் அடி. அதற்கு அடியில் ஒரே ஒரு கனத்த ஸ்வரம், எட்டுச் சுற்றுக்கு ஒருமுறை அரைப்படி ஏறும். மெட்டே கிடையாது. மண் உதிரும் மூன்று நொடியும் முழு அமைதி. நான்காவது காலை அதை ஓட்டிப் பார்த்தபோது, காலுறை தேடி அறைக்குள் வந்த கணவன் வாசலிலேயே நின்றுவிட்டான். "என்னம்மா, யாராவது மேல இருக்காங்களா?" என்று கூரையைப் பார்த்தான்.

அதைக் கேட்டதும் கோப்பைச் சேமித்து அனுப்பிவிட்டாள்.

அரை மணியில் கொழுந்தனிடமிருந்து பதில் வந்தது. "போட்டாச்சு. அவ தன் மண்ணைப் பாத்து அழறா." அவ்வளவுதான்.

கண்காட்சியில் பெருச்சாளிக்குப் பரிசு கிடைக்கவில்லை. பரிசு பெற்றது பறக்கும் மீன்களைப் பற்றிய வேறொரு ஆட்டம், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர்களுடைய மேசையில் இரண்டு நாளும் நாற்காலி காலியாகவே இல்லை. அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். இரண்டாவது கட்டத்தில் ஒரு துண்டு கொஞ்சம் முந்திச் சேர்வதை அவள் மட்டும் கண்டுபிடித்துக் குறித்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் மாலை, மேசைகளை மடக்கும் நேரத்தில், கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெண் வந்தாள். நத்தைகள் தபால் கொண்டுபோகும் ஆட்டம் ஒன்று செய்கிறார்களாம். "இதுக்கு மியூசிக் யாருங்க?"

கொழுந்தனும் ஓவியக்காரியும் ஒரே நேரத்தில் இவளைக் கைகாட்டினார்கள்.

"எங்களுக்கும் ஒண்ணு செஞ்சு தர முடியுமா, மேடம்? ஒரு நல்ல சோகமான மெட்டா..."

"மெட்டு கடைசியில" என்றாள் அவள். பையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து, பெயர் எழுதும் இடத்தில் 'நத்தை' என்று எழுதினாள். "முதல்ல ஆட்டத்தைக் குடுங்க, ஒரு வாரம் விளையாடறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. உங்க ஆட்டத்துல ஆளுங்க எந்த எடத்துல ரொம்ப நேரம் மாட்டிக்கறாங்க?"

அந்தப் பெண் யோசித்தாள். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்தாள்.